ஆஸ்பத்திரி பார்க்கப் போன கதை: இமாச்சல் நாட்குறிப்பு

ஞாயிறு, சண்டிகர்

இமாச்சலுக்குப் போகிறோம் என்றதும் ஆப்பிள், பனி, குலு சால்வை என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். என் பட்டியல் வேறு. நீலகிரியில் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். போகிற ஊரில் கோயிலைப் பார்க்காமல்கூடத் திரும்பிவிடுவேன், பெரிய ஆஸ்பத்திரியின் ஓ.பி. வாசலில் கொஞ்ச நேரம் நிற்காமல் வரமாட்டேன். கூட வந்திருக்கும் தங்கைக்கு இது பழகிவிட்டது. "அக்கா, நடுவுல ஒரு ஏரி, ஒரு அருவி காட்டிரு, போதும்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள்.

சண்டிகர் இமாச்சலில் இல்லை. ஆனால் இமாச்சலின் மருத்துவக் கதையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். காரணம் பி.ஜி.ஐ. 1962-ல் பஞ்சாப் அரசு தொடங்கிய முதுநிலை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இது. 1967-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. பஞ்சாப், ஹரியானா, இமாச்சல், ஜம்மு காஷ்மீர் என்று நாலு பக்கத்திலிருந்தும் 'இனி இங்கே முடியாது' என்று அனுப்பப்படுகிறவர்கள் வந்து சேரும் இடம்.

இன்று ஞாயிறு, ஓ.பி. கிடையாது. அப்படியும் வளாகத்துக்குள் மரத்தடிகளில் பாய் விரித்தவர்கள் நிறைய. நாளைக் காலை 'பர்ச்சி' எடுக்க இன்றே வந்துவிட்டவர்கள். பர்ச்சி என்றால் நம்மூர் ஓ.பி. சீட்டு. மண்டி பக்கத்திலிருந்து மகனோடு வந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பையனுக்கு இதய வால்வில் கோளாறு. டாக்டர் பையனைப் பார்ப்பது பத்து நிமிஷம், அதற்குப் போக வர இரண்டு நாள், ஒரு ராத்திரி மரத்தடி. குறைப்பட்டுக்கொள்ளவில்லை, கணக்குச் சொன்னார், அவ்வளவுதான்.

வெளியே வந்தால் லங்கர். ஜகதீஷ் லால் அஹூஜா என்று ஒருவர், பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து வந்தவர், பழ வியாபாரி. இந்த ஆஸ்பத்திரி வாசலில் ஆண்டுக்கணக்காக இலவசச் சாப்பாடு போட்டு 'லங்கர் பாபா' என்றே பெயர் வாங்கியவர். 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது, அடுத்த ஆண்டு காலமானார். நோயாளிக்கு உள்ளே சாப்பாடு கிடைத்துவிடும், கூட வந்தவர் என்ன சாப்பிடுவார் என்று யோசித்திருக்கிறார். வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். எத்தனை பேர் நோயாளியின் ரொட்டியில் பாதியைத் தின்று நாளை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

திங்கள், கசௌலி

நான் இந்தப் பயணத்துக்குக் கிளம்பியதற்குப் பாதிக் காரணம் இந்த ஊர். தங்கைக்குக் கசௌலி என்றால் பைன் மரமும் பழைய பங்களாவும். எனக்கு நாய்க்கடி ஊசி.

1900-ல் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் இங்கேதான் வந்தது. அதற்கு முன் வெறிநாய் கடித்த வெள்ளைக்கார சிப்பாய்களைக் கப்பலேற்றிப் பாரிஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்குக் கப்பலும் இல்லை. டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் நிலையத்தை நடத்தினார். 1905-ல் பக்கத்திலேயே மத்திய ஆராய்ச்சி நிலையம் (சி.ஆர்.ஐ.) தொடங்கியபோது அதற்கும் அவரே முதல் இயக்குநர். பின்னாளில் பாஸ்டர் நிலையம் இதனுடனேயே இணைந்துவிட்டது.

ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் அதைச் செயலிழக்கச் செய்து செம்பிள் உருவாக்கிய தடுப்பூசிதான், நம் ஊரில் 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்று மூன்று தலைமுறையைப் பயமுறுத்தியது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் அதைப் போட்டிருக்கிறேன். பிள்ளைகளை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். வலியைவிட மோசமான ஒன்றும் அதில் இருந்தது. மூளைத் திசு கலந்த மருந்து என்பதால் சிலருக்கு நரம்பு பாதித்து கை கால் விழுந்துவிடும். இந்த நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகள் வரைக்கும் இந்தியாவில் அது புழக்கத்தில் இருந்தது என்பதை இப்போதுள்ள இளம் டாக்டர்கள் நம்பமாட்டார்கள்.

குன்னூர்க்காரர்களுக்கு இந்தக் கதையின் அடுத்த பாதி தெரிந்திருக்கும். 1902-ல் தெற்கே ஓர் இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியில் இறந்துபோனார். மருந்து இருந்தது, ஆனால் கசௌலியில். அந்தச் சாவுக்குப் பிறகுதான் பணம் திரட்டி 1907-ல் குன்னூரில் தென்னிந்தியாவுக்கென்று ஒரு பாஸ்டர் நிலையம் கட்டினார்கள். சிம்ஸ் பார்க் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதன் மூத்த சகோதரியின் கேட்டில் நின்றபோது, சொல்லத் தெரியாத ஒரு உறவு உணர்ச்சி வந்தது.

உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. காவலர் மரியாதையாகத்தான் சொன்னார். மத்திய மருந்து ஆய்வகமும் இங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் தயாராகும் தடுப்பூசி லாட்டுகளைச் சோதித்து, சரி என்று சொல்கிற இடம். கோவிட் காலத்தில் கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டின் மாதிரிகளும் இந்த மலையேறி வந்து தேறிய பிறகுதான் மருந்து நம் கைக்கு வந்தது. 2008-ல் இன்னொரு விஷயமும் நடந்தது. தயாரிப்புத் தரம் சரியில்லை என்று கசௌலி, குன்னூர், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் மூன்றின் உரிமத்தையும் மத்திய அரசு ஒரே நேரத்தில் நிறுத்தி வைத்தது. 2010-ல் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். குன்னூரில் அப்போது நடந்த போராட்டங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. தரம் கெட்டிருந்தால் சரிசெய்ய வேண்டியதுதான். அதற்காக மூன்று அரசு நிலையங்களையும் ஒரே நாளில் பூட்டியதற்குச் சரியான நியாயத்தை இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இறங்கும் வழியில் தரம்பூர். 1909-ல் பம்பாயிலிருந்து பெஹ்ராம்ஜி மலபாரியும் தயாராம் கிதுமலும் சேர்ந்து இங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார்கள். காசநோய்க்கு மாத்திரையே இல்லாத காலம் அது, மலைக்காற்றும் வெயிலும் பாலும்தான் மருந்து. அன்று நோயாளிகள் சமவெளியிலிருந்து மலைக்கு வந்தார்கள். இப்போது மலையிலிருந்து சமவெளிக்கு இறங்குகிறார்கள்.

செவ்வாய், சிம்லா

ஆப்பிள் சீசன். லாரிகள் முன்னும் பின்னும். அரை நாள் சாலையிலேயே போனது, அதில் எழுத ஒன்றுமில்லை.

புதன், சிம்லா

காலையில் ரிப்பன் ஆஸ்பத்திரி. இப்போது தீனதயாள் உபாத்யாய மண்டல மருத்துவமனை என்று பெயர், ஆட்டோக்காரருக்கு... அட, சிம்லாவில் ஆட்டோவே இல்லை, வழி கேட்டவர்களுக்கு ரிப்பன் என்றால்தான் புரிகிறது. வைஸ்ராய் ரிப்பன் 1882-ல் அடிக்கல் வைத்தார், 1885-ல் திறந்தது. வரைந்து கட்டியவர் ஹென்றி இர்வின். இங்கே வைஸ்ராய் மாளிகையையும் கட்டிவிட்டு அப்புறம் சென்னைக்கு வந்தவர். உயர் நீதிமன்றத்தைக் கட்டி முடித்தது, கன்னிமாரா நூலகம், எழும்பூர் ரயில் நிலையம் எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. மரச் சட்டம், சாய்ந்த கூரை, நீள வராந்தா என்று இந்த ஆஸ்பத்திரியைப் பார்த்தால், எழும்பூர் குவிமாடங்களைப் போட்டவரும் இவரும் ஒரே ஆள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

ஆனால் நான் வந்தது கட்டடத்துக்காக அல்ல. நேற்று முன்தினம் பார்த்த நாய்க்கடி ஊசியின் இன்றைய அத்தியாயம் இங்கே எழுதப்பட்டது. டாக்டர் ஓமேஷ் பார்தி இந்த ஆஸ்பத்திரியில் செய்த வேலை அது.

சிம்லாவில் குரங்குத் தொல்லை பிரசித்தம். ஜாக்கூ மலையேறினால் கண்ணாடி மூக்கில் தங்காது. குரங்கு, நாய் இரண்டும் கடித்துக்கொண்டே இருக்கும், மருந்தோ எப்போதும் தட்டுப்பாடு. ஆழமான கடிக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற சீரமும் போட வேண்டும். விலை அதிகம், சந்தையில் கிடைப்பதும் குறைவு. முன்பு உடல் எடைக்குத் தக்கபடி கணக்குப் போட்டு, காயத்தில் போட்டது போக மிச்சத்தைத் தசையில் ஏற்றுவோம். பார்தி, காயத்துக்குள்ளும் சுற்றியும் மட்டும் போட்டால் போதும் என்றார். கிருமி இருப்பது அங்கேதானே, தொடையில் ஏற்றுவதால் என்ன பயன்? அப்படிப் போட்டால் பழைய அளவில் ஒரு சிறு பங்கே செலவாகிறது. ஒருவருக்கான மருந்தில் பலர் பிழைக்கலாம். தடுப்பூசியையும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் போட்டு ஒரு குப்பியைப் பலருக்குப் பகிரும் முறையை இங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 2018-ல் உலக சுகாதார நிறுவனம் காயத்தில் மட்டும் போடும் முறையைத் தன் வழிகாட்டலில் ஏற்றுக்கொண்டது. 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ.

புதுக் கருவியோ, தனிக் கட்டடமோ இல்லை. தட்டுப்பாட்டை ஒரு டாக்டர் உட்கார்ந்து யோசித்தார். கசௌலியில் பிறந்த வைத்தியத்துக்குப் பக்கத்து மலையில் இருந்தே இப்படி ஒரு திருத்தம் வந்திருக்கிறது. எனக்கு இந்த ஊரில் மால் ரோட்டைவிடப் பெருமையாக இருந்தது இதுதான்.

மத்தியானம் ஐ.ஜி.எம்.சி. மாநிலத்தின் மூத்த மருத்துவக் கல்லூரி, 1966-ல் தொடங்கி 1984-ல் இந்திரா காந்தி பெயர் பெற்றது. இருக்கும் இடம் ஸ்னோடன், ஒரு காலத்தில் தலைமைத் தளபதி கிச்சனர் வசித்த மாளிகை இருந்த மேடு. மலைச்சரிவில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப்போகிற கட்டடங்கள். எந்த வாசலில் நுழைந்தாலும் எத்தனையாவது மாடியில் இருக்கிறோம் என்று தெரிவதில்லை. படிகளில் முதுகில் சுமையோடு காஷ்மீரிக் கூலிகள். சிலர் முதுகில் சிலிண்டர், ஒருவர் முதுகில் ஒரு பாட்டி. பாட்டி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு வழியில் எதிர்ப்பட்டவர்களிடம் விலகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

2019-ல் இங்கே முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தபோது டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வந்து உடனிருந்து செய்தார்கள். அதுவரை இமாச்சல்காரர்களுக்குச் சிறுநீரகம் மாற்ற வேண்டுமென்றால் சண்டிகரோ டெல்லியோதான். மாற்று சிகிச்சை என்பது ஒருநாள் ஆபரேஷன் இல்லை. ஆயுள் முழுக்க மருந்தின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை வீட்டிலிருந்து ஒருநாள் பஸ் தூரத்தில் வைத்தால் பாதிப் பேர் நடுவில் விட்டுவிடுவார்கள்.

வெள்ளி, பிலாஸ்பூர் வழியாக மண்டி

தங்கைக்கு ஏரி கிடைத்துவிட்டது. பக்ரா அணையின் கோவிந்த் சாகர். பழைய பிலாஸ்பூர் ஊரே இதற்குள் மூழ்கிக் கிடக்கிறது. கோடையில் நீர் இறங்கினால் பழைய கோயில்கள் தலை காட்டுமாம்.

ஏரிக்குக் கொஞ்ச தூரத்தில் கோட்டிபுரா, அங்கே எய்ம்ஸ். 2017-ல் அடிக்கல், 2022 அக்டோபர் 5-ல் திறப்பு, 247 ஏக்கர், 750 படுக்கைகள், 1,470 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. பளபளவென்று இருக்கிறது. சிம்லாவில் மலைக்கேற்பக் கட்டடம் வளைந்து கொடுத்திருந்தது, இங்கே மலையை வெட்டிச் சமன் செய்திருக்கிறார்கள். இங்கே வைத்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். சிம்லாவில் வைத்திருந்தால் கின்னௌருக்குப் பக்கம், மற்றவர்களுக்கு ஏற்றம். பிலாஸ்பூர் என்றால் கீழ் மலை மாவட்டங்களிலிருந்து இறங்கி வரலாம். கீரத்பூரிலிருந்து நேர்சௌக் வரை நால்வழிச் சாலையும் சுரங்கங்களும் வந்துவிட்டன. பி.ஜி.ஐ.க்குப் போகும் கூட்டத்தில் ஒரு பகுதியாவது இங்கே நின்றால் சரி. நிற்பது கட்டடத்தால் இல்லை, நிபுணர்கள் வந்து தங்குவதால்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கணவனுக்கோ மனைவிக்கோ வேலை, இதெல்லாம் இல்லாத ஊரில் எந்த இதய நிபுணரும் பத்து வருஷம் இருக்கமாட்டார். நீலகிரியிலும் இதே பாட்டைத்தான் கேட்டேன்.

நேர்சௌக்கில் லால் பகதூர் சாஸ்திரி மருத்துவக் கல்லூரியை வண்டியிலிருந்தபடியே பார்த்தோம். இ.எஸ்.ஐ.க்காகக் கட்டி, பின்பு மாநில அரசின் கைக்கு வந்தது. நாகன், சம்பா, ஹமீர்பூர் என்று கடந்த பத்தாண்டில் மாவட்டத்துக்கு ஒன்றாக வந்த கல்லூரிகளில் இதுவும் ஒன்று.

எங்கள் டிரைவர் மண்டி மாவட்டத்துக்காரர், முப்பது வயதிருக்கும். என்னை 'ஆன்ட்டி ஜி' என்பார். நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நிறுத்தச் சொன்னதில் மூன்று நாளாகக் குழம்பிப்போயிருந்தவர், இன்று கேட்டே விட்டார். நர்ஸ் என்றதும் கதை வந்தது.

அவர் அப்பாவுக்கு ஒருநாள் காலை டீ குடிக்கும்போது வாய் ஒருபக்கம் கோணி, இடது கை விழுந்துவிட்டது. பக்கவாதம், இங்கே 'லக்வா' என்பார்கள். வீடு இருப்பது சாலைக்கு மேலே, நடந்தால் முக்கால் மணி. நாற்காலியில் இரண்டு கழியைக் கட்டி, அப்பாவை உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நம்மூரில் மலைக்கிராமத்தில் டோலி கட்டித் தூக்கி வருகிற செய்தி வருமே, அதே கதை. சாலைக்கு வந்ததும் 108.

"எங்களுக்கு என்ன தெரியும் ஆன்ட்டி ஜி, பக்கத்து வீட்டு ஆஷா தீதிதான் மணி எத்தனைன்னு பார்த்து எழுதி வச்சுக்கோன்னாங்க."

ஆஷா என்பது பெயரில்லை, கிராமத்தில் சுகாதார வேலை பார்க்கும் பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். அந்த ஆஷா பணியாளர் சொன்னதுதான் விஷயமே. ரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கசிவு இருக்கும்போது போட்டால் ஆளே போய்விடுவார். இதைப் பார்த்துச் சொல்ல நரம்பியல் நிபுணர் வேண்டும். இமாச்சலில் அவர்கள் சிம்லாவிலும், காங்க்ரா பக்கம் டாண்டா மருத்துவக் கல்லூரியிலும்தான் இருந்தார்கள். மலைக்கிராமத்திலிருந்து சிம்லா போய்ச் சேர்வதற்குள் நாலரை மணி எங்கே மிஞ்சும்?

2014-ல் இந்த மாநிலம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. சி.டி. இயந்திரம் உள்ள மாவட்ட ஆஸ்பத்திரிகளில் சாதாரண டாக்டர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். நோயாளி வந்தால் ஸ்கேன் எடுத்து, படத்தைக் கைபேசியில் வாட்ஸப்பில் ஐ.ஜி.எம்.சி.க்கோ டாண்டாவுக்கோ அனுப்புவது. அங்கிருக்கும் நிபுணர் பார்த்து, நோயாளியை வீடியோவிலோ போனிலோ விசாரித்து, போடலாம் என்றால் இங்கேயே ஊசி. ஆயிரக்கணக்கில் விலையுள்ள அந்த மருந்தை அரசு இலவசமாகவே வைத்திருந்தது.

டிரைவரின் அப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. டாக்டர் சுவரில் ஸ்கேன் படத்தைப் பிடித்துத் தன் போனில் படமெடுத்ததைப் பார்த்து, வேலை நேரத்தில் போனை நோண்டுகிறாரே என்று இவருக்குக் கோபம் வந்ததாம். இப்போது அப்பா நடக்கிறார், மாடு கறக்கிறார். இடது விரல்கள் மட்டும் கொஞ்சம் மந்தம்.

நான் ராத்திரி வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சமவெளியில் பெரிய நகரங்களில்கூட, ஆம்புலன்ஸ் சிக்னலில் நிற்கிறது, பதிவுக் கவுண்டரில் நேரம் போகிறது, இந்த ஊசி பலருக்குக் கிடைப்பதில்லை.

சனி, மணாலி

பாண்டோவுக்கு மேலே சாலை இன்னும் 2023 ஜூலை வெள்ளத்தின் காயத்தோடுதான் இருக்கிறது. பியாஸ் ஆறு சாலையைக் கடித்துத் தின்ற இடங்களில் ஒற்றை வழி. எதிரே ஒரு ஆம்புலன்ஸ் வந்தது, எல்லா வண்டியும் மலையோரம் ஒட்டி நின்று வழி விட்டன, ஒரு லாரிக்காரர் பின்னோக்கியே நூறு மீட்டர் போனார். சாலை மூடிவிட்டால் குலு மாவட்டத்துக்கு மணாலி லேடி வில்லிங்டன் மிஷன் ஆஸ்பத்திரியும் குலு அரசு ஆஸ்பத்திரியும்தான் எல்லாம்.

ராத்திரி சித்து சாப்பிட்டோம். புளித்த கோதுமை மாவில் கசகசாவும் அக்ரூட்டும் வைத்து வேகவைத்தது, மேலே உருக்கிய நெய். நான் இரண்டு, தங்கை மூன்று.

ஞாயிறு, கேலாங்

அடல் சுரங்கம் 9.02 கிலோமீட்டர். கால் மணிக்குள் அந்தப் பக்கம் வந்துவிட்டோம். உள்ளே போகும்போது தேவதாரு, வெளியே வந்தால் மொட்டை மலை. தலைக்கு மேலே எங்கோ ரோதாங் கணவாய், 3,978 மீட்டர்.

லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத்தின் பரப்பு 13,841 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கில் மக்கள் 31,564 பேர். 2020 அக்டோபரில் சுரங்கம் திறக்கும்வரை, ரோதாங்கில் பனி விழுந்தால் லாஹௌல் ஆண்டில் ஆறு மாதம் வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடக்கும்.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அந்தக் காலத்தைச் சொல்லச் சொன்னேன். பிரசவத் தேதி குளிர்காலத்தில் வரும் பெண்கள், பனி விழுமுன்பே கணவாய் தாண்டிக் குலுவில் உறவினர் வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே உறவு இல்லாதவர்கள் வாடகை அறை. இங்கேயே தங்கியவர்களுக்கு ஏதாவது என்றால் அரசு ஹெலிகாப்டர்தான். அது வருவதும் வராததும் மேகத்தின் கையில். நாலு நாள், ஐந்து நாள் ஹெலிபேடு பக்கத்திலேயே காத்திருந்தவர்கள் உண்டு. உடம்பில் தெம்பிருப்பவர்கள் கணவாயை நடந்தே தாண்டுவார்கள், அவர்களுக்காக மர்ஹியிலும் கோக்ஸரிலும் மீட்புச் சாவடிகள் இருந்தன. "தாண்டப் போனவர் அந்தப் பக்கம் சேர்ந்தாரான்னு தெரியவே ரெண்டு நாள் ஆகும்" என்றார், அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே.

2015-ல் மாநில அரசு, சென்னையில் தொடங்கிய அப்போலோ குழுமத்தோடு சேர்ந்து கேலாங்கிலும் ஸ்பிதியின் காஸாவிலும் தொலைமருத்துவ மையம் வைத்தது. அவசர நோயாளி வந்தால், இங்குள்ள இளம் டாக்டரும் நர்ஸும் திரையில் ஒரு நிபுணரைக் கேட்டுக்கொண்டே வைத்தியம் பார்க்கலாம். அந்த அம்மாவின் கணவருக்கு நெஞ்சுவலி வந்தபோது திரையில் வந்த டாக்டர் இந்தியில் திணறினார் என்று சிரித்தார். எந்த ஊர்க்காரராக இருந்திருப்பார் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு.

இப்போது? சுரங்கம் வந்துவிட்டது, குளிர்காலத்திலும் இரண்டு மூன்று மணியில் குலு. பனிச்சரிவு சாலையை மூடும் நாட்கள் இன்னும் உண்டு, ஆனால் அது நாள் கணக்கு, மாதக் கணக்கு இல்லை. எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள், நியாயம்தான். அந்த அம்மா மட்டும் இன்னொன்றும் சொன்னார். முன்பெல்லாம் அனுப்ப வழியில்லாததால், இருக்கும் டாக்டரே எதையாவது முயன்று பார்ப்பார். இப்போது லேசாக மூச்சு வாங்கினாலும் குலுவுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்களாம். இதில் டாக்டரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்கேனும் மயக்க மருந்து நிபுணரும் இல்லாத இடத்தில், சாலை இருக்கும்போது அனுப்பாமல் வைத்துக்கொண்டு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? ஆனாலும் அந்த அம்மா சொன்னது பொய்யில்லை. சாலை போட்டதும் உள்ளூர் ஆஸ்பத்திரியை மறந்துவிடும் வழக்கம் நம் பக்கமும் உண்டு.

ஸ்பிதிக்குப் போகவில்லை. காஸாவிலிருந்து சிம்லா 400 கிலோமீட்டருக்கும் மேல், நடுவில் ராம்பூர் பக்கத்துக் கனேரியில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தச் சாலையைச் சும்மா சுற்றிப்பார்க்கப் போவதற்கே தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. நோயாளியாகப் போகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

புதன், தர்மசாலா

இரண்டு நாள் பஸ்ஸில் போனது. அருவி பார்த்தாயிற்று.

கங்சென் கிஷோங்கில் மென்-ட்ஸீ-காங். தலாய் லாமா நாடு கடந்து வந்தபின் 1961-ல் தொடங்கிய திபெத்திய மருத்துவ, சோதிட நிலையம். லாசாவில் அவருக்கு முன்னிருந்த தலாய் லாமா 1916-ல் தொடங்கியதன் தொடர்ச்சி. நாடி பார்க்கிறார்கள், சிறுநீரின் நிறத்தையும் நுரையையும் பார்க்கிறார்கள், மூலிகை உருண்டைகள் தருகிறார்கள். சோவா ரிக்பா என்ற இந்த முறைக்கு 2010-ல் இந்திய அரசு அங்கீகாரம் கொடுத்தது. நம் சித்த வைத்தியர் மூன்று விரலால் நாடி பார்ப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது வேடிக்கையாக இல்லை. ஆனால் நான் ஊசி மாத்திரைக் கட்சி, அதை மறைக்க முடியாது.

பக்கத்திலேயே டெலெக் ஆஸ்பத்திரி, 1971-லிருந்து. சின்ன இடம். திபெத்திய அகதிகளிடம் காசநோய் மிக அதிகம். விடுதிப் பள்ளிகள், மடாலயங்கள் என்று நெருக்கமாகத் தங்குவது பெரிய காரணம். 2017-ல் டெலெக், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பள்ளிகளுக்கும் மடங்களுக்கும் தாங்களே தேடிப்போய்ப் பிள்ளைகளைச் சோதித்தது. நோய் உள்ளவர்களுக்குச் சிகிச்சை, உடம்பில் கிருமி ஒளிந்திருப்பவர்களுக்கு நோய் வராமலிருக்க முன்கூட்டியே மாத்திரை. இருமிக்கொண்டு யாராவது வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

வியாழன், டாண்டா

பதான்கோட்டுக்குப் பஸ் மாலையில்தான். அதற்குள் டாண்டா. 1996-ல் தொடங்கிய ராஜேந்திர பிரசாத் மருத்துவக் கல்லூரி, முன்பு காசநோய் சானடோரியம் இருந்த இடம். காங்க்ரா, சம்பா மாவட்டங்களுக்கு எல்லாமும் இதுதான். முன்னால் தௌலதார் மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கிறது. நரம்பியல் பிரிவின் பக்கம் போனேன். டிரைவரின் கதையில் போனின் மறுமுனையில் இருந்தவர்கள் இந்தக் கதவுக்குப் பின்னால்கூட இருந்திருக்கலாம்.

வெளியே பெஞ்சில் ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள். சம்பா மாவட்டத்தின் பாங்கி பள்ளத்தாக்கு, கில்லாருக்கு மேலே ஒரு கிராமம். வலிப்பு நோய். புது மாத்திரை எழுதிக் கொடுத்து, ரத்தப் பரிசோதனையோடு ஜனவரியில் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜனவரியில் சாச் கணவாய் பனியில் புதைந்து கிடக்கும், 4,414 மீட்டர். அது மூடினால் லாஹௌல் பக்கத்து உதய்பூர், கேலாங், அடல் சுரங்கம், குலு, மண்டி என்று இமாச்சலையே ஒரு சுற்றுச் சுற்றித்தான் இங்கே வர வேண்டும், அதுவும் அந்தச் சாலையும் திறந்திருந்தால். அண்ணனோடு வந்திருந்தாள். அண்ணன், "வர முடியலன்னா விட்டுடலாம், மாத்திரைதான் இருக்கே" என்றான். வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் உடைந்த இந்தியில் இருவருக்கும் சொன்னேன்.

"டாக்டர்கிட்ட ஜனவரியில கணவாய் மூடியிருக்கும்னு சொன்னியா?"

"கேக்கல, சொல்லல" என்றாள்.

மூவருமாக மறுபடி உள்ளே போனோம். வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். இளம் டாக்டர், கில்லார் என்ற பெயரைக் கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டார். சீட்டில் ஜனவரியை அடித்து அக்டோபர் இரண்டாம் வாரம் என்று எழுதினார். அப்போது ரத்தப் பரிசோதனையை முடித்து, ஏப்ரல் வரைக்கும் மாத்திரை சேர்த்துக் கொடுப்பதாகச் சொன்னார். நடுவில் வலிப்பு வந்தால் கில்லார் டாக்டர் அழைக்க வேண்டிய எண்ணைப் பின்பக்கம் எழுதினார். அண்ணன் அந்தச் சீட்டைப் போனில் படமெடுத்துக்கொண்டான்.

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கேன்டீனில் ராஜ்மா சாதம் நன்றாக இருந்தது.